கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

தென்மாவட்ட நகரம் ஒன்றின் புறநகரில் வசிக்கும் 29 வயது வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவர்கள் பகுதியில் சுமார் 140 வீடுகள். இளைஞர்கள் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். பதிவு செய்யவில்லை. ஒன்பது ஆண்டுகளாகக் காணும் பொங்கலன்று பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி, இரவில் கலைநிகழ்ச்சி. இவர்தான் செயலாளர். கடந்த பொங்கலில் கயிறு இழுக்கும் போட்டியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்திருக்கிறான். பக்கத்தில் நாட்டுக் கட்டுப் போடுபவரிடம் கூட்டிப்போய், மறுநாள்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் விடப்போவதாகப் பையனின் அப்பா சொன்னார். இதுவரை எதுவும் வரவில்லை.

இந்த முறை இரண்டு நாள் விழாவாக நடத்தத் திட்டம். 5 முதல் 17 வயது வரை 200 பிள்ளைகள். தலைக்கு 150 ரூபாய். டி-சர்ட்டும் மதியச் சாப்பாடும் உண்டு. முதல் நாள் தற்காப்புப் பயிற்சி முகாம். இன்ஸ்டாகிராமில் அறிமுகமான ஒருவர் அதை இலவசமாக நடத்தித் தருகிறேன் என்றிருக்கிறார். தன்னார்வலர்கள் பெரும்பாலும் ப்ளஸ் டூ மாணவர்கள். அவர் கேட்பது மூன்று கேள்விகள். "எது நடந்தாலும் மன்றம் பொறுப்பல்ல என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் எங்களுக்குப் பாதுகாப்புதானே? விரல் விஷயம் ஒரு வருடம் ஆகப்போகிறது, அது முடிந்த மாதிரிதானா? இல்லை, பேசாமல் விழாவையே நிறுத்திவிடட்டுமா?"

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், பெண் தன்னார்வலர்கள் கிடைப்பதில்லை என்று வருத்தப்படும் இடத்தில், நடுவே ஒரு வரி வருகிறது. "போன வருடம் டான்ஸ் ஆடிய பிள்ளைகள் உடை மாற்றும் அறையில் தன்னார்வலர் ஒருவர் போனில் படம் எடுத்ததாக 12 வயதுப் பெண் ஒருத்தி அம்மாவிடம் சொன்னாளாம். பெரிதாக்க வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டதால், அவரை இந்த ஆண்டு கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டோம்."

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாகக்கூட எழுதாத அந்த ஒரு வரியைப் பேசியாக வேண்டும்.

உடை மாற்றும் அறை

நல்ல எண்ணத்தில்தான் முடிவெடுத்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. பெண்ணின் பெயர் வெளியே வரக் கூடாது, அம்மாவின் பேச்சை மதிக்க வேண்டும், அந்த ஆளையும் உள்ளே விடக் கூடாது. இவ்வளவும் செய்தாயிற்று, விஷயம் முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். சட்டப்படி அது இன்னும் அப்படியே இருக்கிறது, தம்பி.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்கு 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள்தான். குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தாலோ, நடந்துவிடும் என்ற அச்சம் இருந்தாலோ, அதை அறிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஓர் அமைப்புக்குப் பொறுப்பானவர் தன் கீழ் வேலை செய்தவரைப் பற்றிய தகவலைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். பெற்றோர் வேண்டாம் என்றார்கள் என்பது இந்தக் கடமையை நீக்காது. மன்றக் கூட்டத்தில் பேசி முடிவெடுத்தோம் என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு, கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும் என்றுதான் பொருள்.

"அவன் சும்மா போன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாமே" என்று உங்களில் யாராவது சொல்வார்கள். இருக்கலாம். அதை விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. பாலியல் தொல்லை பற்றிய போக்சோவின் 11ஆம் பிரிவு பொருந்துமா, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பெண்ணின் அந்தரங்கத்தைப் பார்ப்பது, படம் எடுப்பது பற்றிய 77ஆம் பிரிவு பொருந்துமா, எதுவுமே பொருந்தாதா என்பதைப் போலீசும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. பத்து மாதம் கடந்துவிட்டதே என்றும் தயங்க வேண்டாம். அது புகாரைத் தடுக்காது.

அந்தத் தாயின் பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு அலைய விடுவார்கள், தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்பதுதான் எல்லாத் தாய்மார்களின் பயமும். சட்டம் இதை யோசித்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோதான் பதிவு செய்ய வேண்டும். கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரிதான் வர வேண்டும். அவர் சீருடையில் வரக் கூடாது. பிள்ளையை இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயர், முகவரி, பள்ளி என்று அவளை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம்.

இதையெல்லாம் நீங்கள் அந்தத் தாயிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம். உங்கள் அக்காவோ அம்மாவோ யாராவது ஒரு பெண்மணி உடன் வரட்டும். 1098 குழந்தைகள் உதவி எண்ணில் பேசினால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வழிகாட்டுவார்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் சம்மதித்தாலும் இல்லாவிட்டாலும் தகவல் தர வேண்டியது உங்கள் கடமை என்பதை மறைக்காதீர்கள். அவர் முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது.

அந்தப் பெண்ணிடம் நீங்கள் யாரும் கேள்வி கேட்காதீர்கள். ஒருமுறை அம்மாவிடம் சொன்னதே அவளுக்குப் பெரிய காரியம். அந்த ஆளைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். முதல் வேலையாகப் போனில் இருப்பதை அழித்துவிடுவார். வாட்ஸ்அப் குழுவில் ஒரு எழுத்துகூட வர வேண்டாம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் கூப்பிடாவிட்டால் அவர் அடுத்த நகரின் விழாவுக்குப் போவார். அங்கேயும் ஒரு உடை மாற்றும் அறை இருக்கும்.

"மன்றம் பொறுப்பல்ல" என்ற கடிதம்

சரி, உங்கள் முதல் கேள்வி. அந்தக் கடிதம் உங்களைக் காப்பாற்றாது.

அலட்சியத்தால் ஒருவருக்குக் கொடுங்காயம் உண்டானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. உயிரே போனால் 106ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை. 2024 ஜூலைக்கு முன்பு பழைய சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. குற்றப் பொறுப்பை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுத்துத் தள்ளுபடி செய்ய முடியாது. இழப்பீட்டுக்கான சிவில் வழக்கிலும், பிள்ளையின் உரிமையை அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற வாதம் நிற்காது. ஓடும்போது தடுக்கி விழுந்து முட்டி சிராய்த்தால் அது விளையாட்டில் நடப்பது. நடத்துகிறவர்களின் கவனக்குறைவால் நடப்பது வேறு.

1995 மே மாதம் பதான்கோட் அருகிலுள்ள ஒரு பள்ளி பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோது பியாஸ் ஆற்றில் 14 மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிள்ளைகளைத் தன் பொறுப்பில் கூட்டிப்போனவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது. உங்கள் விஷயத்திலும் அதைத்தான் பார்க்கும். பெற்றோரிடம் என்ன எழுதி வாங்கினீர்கள் என்று பார்க்காது. கயிற்றுப் போட்டி நடக்கும்போது பக்கத்தில் யார் நின்றார், என்ன சொல்லிக்கொடுத்தார், அடிபட்டதும் எங்கே கூட்டிப்போனார் என்று கேட்கும்.

உங்கள் மன்றம் பதிவு செய்யாதது என்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் 'மன்றம்' என்று தனியாக ஓர் ஆள் இல்லை. பொறுப்பு நேராக உங்கள் மேலும் தலைவர், பொருளாளர் மேலும் வரும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, ரசீது, கணக்கு வழக்கு எல்லாம் ஒழுங்குக்கு வரும். ஆனால் பதிவு செய்துவிட்டால் குற்ற வழக்கிலிருந்து தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். அப்புறம் அந்த 150 ரூபாய். இலவசமாக நடத்தினால் நுகர்வோர் சட்டம் வராது. கட்டணம் வாங்கிவிட்டால் பெற்றோர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கும் வழி திறக்கிறது. கட்டணம் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. வாங்குகிற பணத்தில் ஒரு பகுதியை விபத்துக் காப்பீட்டுக்கு ஒதுக்குங்கள். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களிலேயே குழு விபத்துக் காப்பீடும், மூன்றாம் நபர் பாதிப்புக்கான பொறுப்புக் காப்பீடும் இருக்கின்றன. பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, எந்தெந்தப் போட்டி என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

பெற்றோரிடம் ஒரு படிவம் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அது வேறு படிவம். பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, ஏதாவது ஒவ்வாமை உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறான்? அவசரத்துக்கு யாருடைய இரண்டு எண்கள்? அடிபட்டால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சம்மதமா? மாலையில் யார் வந்து கூட்டிப்போவார்? படம் எடுக்கலாமா, எடுத்தால் எங்கே போடலாம்? இந்தத் தாளை அலமாரியில் வைத்துவிடாமல் விழா நாளன்று முதலுதவி மேசையில் வைத்திருங்கள்.

அந்தப் பையனின் விரல்

ஒரு வருடம் ஆகிவிட்டால் முடிந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இழப்பீட்டு வழக்குக்கு மூன்று ஆண்டு கால வரம்பு. பாதிக்கப்பட்டவர் மைனர் என்றால், 18 வயது ஆன பிறகுதான் அந்த மூன்று ஆண்டு தொடங்கும். அதாவது அந்தப் பையன் 21 வயது ஆகும் வரை வழக்குப் போடலாம்.

உங்கள் கடிதத்தின்படி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளச் சொல்லி ஓரத்தில் நின்ற பெரியவர்களே கத்தியிருக்கிறார்கள். யாரும் தடுக்கவில்லை. கயிறு நைலான். அடிபட்டவனை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. நான் பையனின் தரப்பு வழக்கறிஞராக இருந்தால் இந்த நான்கும் போதும் என்பேன். வருத்தமாக இருந்தாலும் உங்களிடம் இதை மறைக்கக் கூடாது.

அதனால் நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களும் தலைவரும் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். இந்தப் பத்து மாதத்தில் மன்றத்திலிருந்து ஒருவர்கூட அந்த வீட்டுப் படி ஏறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அப்பாவின் கோபத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும். கை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டலாமா, பிசியோதெரபி செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று பேசுங்கள். வெற்றுத்தாளில் 'இனி வழக்கில்லை' என்று எழுதி வாங்கப் பார்க்காதீர்கள். மைனருக்காக வழக்கில் செய்யும் சமரசத்துக்கே நீதிமன்ற அனுமதி வேண்டும். தொகை பேச வேண்டி வந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசலாம். அந்தப் பையனுக்கு, குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. இதையும் அவன் அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

கயிறு இழுப்பதை விட வேண்டியதில்லை. பருத்தி அல்லது மணிலாக் கயிறு, உள்ளங்கையில் அடங்கும் பருமனில். நைலான் இழுபட்டு, அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். கையிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது, நுனியில் முடிச்சுப் போட்டு வளையம் வைக்கக் கூடாது. வயதை மட்டும் பார்க்காமல் எடையையும் பார்த்து அணி பிரியுங்கள். இரண்டு பக்கமும் விசிலோடு ஒரு பெரியவர். யார் கையிலாவது கயிறு சுற்றியிருந்தால் அந்த நொடியே விசில். உறியடிக்கும் இதேதான்: கண்ணைக் கட்டிக் கம்பைக் கொடுத்துவிட்டுச் சுற்றிலும் சின்னப் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். கயிறு கட்டி, கம்பு எட்டாத தூரத்தில் நிறுத்துங்கள். இந்த முறை யாருக்காவது அடிபட்டால் நேராக மருத்துவமனை, 108ஐக் கூப்பிடுங்கள். வேறு எங்கேயும் வேண்டாம்.

இலவசமாக வரும் பயிற்சியாளர்

இவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது இன்ஸ்டாகிராம் பக்கமும் அதில் உள்ள பாராட்டுகளும்தான். 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சியின்போது, இரண்டாம் மாடியிலிருந்து குதிக்க வைக்கப்பட்ட 19 வயது மாணவி இறந்துபோனார். பயிற்சி கொடுத்தவர் எங்கள் ஆள் இல்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் நடந்த போலி என்.சி.சி. முகாமில் 13 வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். முகாம் நடத்தியவரோடு நிற்கவில்லை கைது. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்ததற்காகப் பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். இரண்டு இடத்திலும் வந்தவர் யார் என்று விசாரிக்க ஒரு போன் அழைப்பு போதுமானதாக இருந்திருக்கும்.

அடையாள அட்டை நகல் கேளுங்கள். எந்தச் சங்கம் சான்றிதழ் கொடுத்ததோ அந்தச் சங்கத்தைத் தேடிப் பிடித்து நீங்களே பேசுங்கள். அவர் கொடுக்கும் எண்ணில் பேசாதீர்கள். முன்பு முகாம் நடத்திய இரண்டு பள்ளிகளைக் கேளுங்கள். எந்த நேரத்திலும் அவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, தொட்டுச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி எல்லாம் தாய்மார்கள் முன்னால் திறந்த இடத்தில்தான் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், இந்த ஆண்டு அந்த முகாமை விட்டுவிடுங்கள்.

யார் கையில் எந்தப் பிள்ளை

200 பிள்ளைகளுக்கு 15 ப்ளஸ் டூ மாணவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாணவர்களில் பலருக்கு 18 ஆகவில்லை. சட்டப்படி அவர்களே குழந்தைகள். அவர்களுக்கும் சேர்த்து நீங்கள்தான் பொறுப்பு. கோலப்பொடி கொண்டுவரட்டும், மதிப்பெண் எழுதட்டும், சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கட்டும். ஜெனரேட்டரையும் பிளக் பாயிண்டையும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

எட்டு வயதுக்குக் கீழே ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதற்கு மேலே எட்டுப் பத்துப் பிள்ளைக்கு ஒருவர். நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லும் கணக்கு இது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 25 பெரியவர்களாவது வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்கள். 140 வீட்டில் கிடைக்க மாட்டார்களா? கேட்கிற விதத்தில் கேளுங்கள். "உதவிக்கு வாங்க" என்றால் யாரும் வர மாட்டார்கள். "அக்கா, 10 முதல் 12 மணி வரை இந்த ஆறு பிள்ளைகள் உங்க பொறுப்பு" என்று பெயர்ப் பட்டியலோடு கேட்டால் வருவார்கள். காலை, மதியச் சாப்பாடு முடிந்ததும், மாலை என்று மூன்று முறை தலை எண்ணுங்கள். மணிக்கட்டில் வண்ணப் பட்டை கட்டி எண் எழுதுங்கள். பெயர் எழுதிக் கழுத்தில் தொங்கவிட வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சின்னப் பிள்ளைகள் கூடவே போய்விடும். படிவத்தில் எழுதிய ஆள் வந்தால் மட்டுமே அனுப்புங்கள், சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும்.

உடை மாற்ற, பூட்டக்கூடிய அறை, ஆண் பிள்ளைகளுக்குத் தனி, பெண் பிள்ளைகளுக்குத் தனி. வாசலில் இரண்டு தாய்மார்கள். போன் உள்ளே போகக் கூடாது, தாய்மார்களின் போன் உட்பட. பக்கத்து வீட்டு அறை ஒன்றைக் கேட்டு வாங்கினால் போதும், செலவில்லை.

13 வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் போட்டிக்கு வருவதில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். மைதானத்தில் கழிப்பறை உண்டா? கடிதம் முழுக்கத் தேடினேன், அந்தச் சொல்லே இல்லை. காலை எட்டு மணிக்கு வந்து மாலை வரை கழிப்பறை இல்லாமல் ஒரு பதின்வயதுப் பெண் எப்படி இருப்பாள்? அப்புறம் மைக்கில் வர்ணனை செய்பவர். ஓடுகிற பெண்ணைப் பற்றி அவர் அடிக்கும் கிண்டலை ஊரே கேட்கும். மறு வருடம் அவள் வீட்டை விட்டு வெளியே வர மாட்டாள். அந்த வயதுப் பெண்கள் நான்கைந்து பேரை உட்கார வைத்து, என்ன விளையாட்டு வேண்டும், எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். மைக்கையும் அவர்களில் ஒருத்தியிடமே கொடுங்கள்.

படங்கள் எடுக்க ஒரே ஒருவரை வையுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பெயர், பள்ளி, வீட்டு முகவரி தெரியும்படி எந்தப் படத்தையும் முகநூலில் போடாதீர்கள்.

பந்தல், மின்சாரம், ஒலி, சாப்பாடு

1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் டப்வாலியில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா. செயற்கை இழைத் துணியால் மூடிய பந்தலில் தீப்பிடித்து, சில நிமிடங்களில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பாதிக்கும் மேல் குழந்தைகள். ஓடுவதற்கு ஒரு வாசல்தான் இருந்தது. பந்தல்காரரிடம் அலங்காரத்தைப் பேசும் முன் வாசலைப் பேசுங்கள்: எதிரெதிராக இரண்டு அகலமான வழி, இருட்டினாலும் தெரியும்படி. ஜெனரேட்டர் பந்தலை விட்டுத் தள்ளி இருக்கட்டும். ஓடும்போது டீசல் ஊற்றக் கூடாது. தெருக் கம்பத்தில் கொக்கி போடுவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி திருட்டு, ஆபத்தும்கூட. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கி, கசிவு வந்தால் தானே அணையும் இ.எல்.சி.பி. பொருத்தச் சொல்லுங்கள். ஹீலியம் பலூன் சிலிண்டரைக் கூட்டத்துக்குள் அனுமதிக்க வேண்டாம். 2022இல் திருச்சி கடைவீதியில் அப்படி ஒரு சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்திலும், தெருவையோ பூங்காவையோ பயன்படுத்த உள்ளாட்சி அலுவலகத்திலும் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள். இரண்டு வாரம் முன்பே மனு கொடுங்கள். தேதி, நேரம், எத்தனை பிள்ளைகள், எத்தனை பெட்டி என்று எழுதுங்கள். கூம்புக் குழாய் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. போன முறை 11:30 வரை போனதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு வயதுப் பிள்ளை மேக்கப்போடு தூங்கி விழுந்துகொண்டு தன் முறைக்குக் காத்திருப்பது யாருக்கு நல்லது? எட்டரைக்கு முடியுங்கள்.

சமையல்காரரிடம் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ரோடமின் பி சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டது நினைவிருக்கும். திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகை வரவழைக்கும் பிஸ்கட் கடையும் வேண்டாம். தண்ணீர், மோர், உப்புச்சர்க்கரைக் கரைசல் தாராளமாக இருக்கட்டும்.

நிறுத்திவிடலாமா?

வேண்டாம். ஒன்பது வருடம் நடத்தியிருக்கிறீர்கள். உங்கள் பகுதியில் மைதானம் என்று இருந்ததெல்லாம் வீட்டுமனையாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டுப் பையனோடு சாக்கு ஓட்டம் ஓடுகிற ஒரு நாள் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும். ஆனால் இந்த ஆண்டு இரண்டு நாள் வேண்டாம், ஒரு நாள் போதும். பெரியவர்கள் எத்தனை பேர் உறுதியாக வருகிறார்களோ அதற்கேற்ற அளவுக்குப் பிள்ளைகளைச் சேருங்கள். 25 பேர் வராமல் 15 பேர்தான் வந்தால் 120 பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவு முடிந்துவிட்டது என்று சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள்.

பந்தலுக்கு முன்பணம் இந்த வாரம் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அடுத்த வாரம் போகட்டும். இன்று மாலை அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்துவிடுங்கள். நாளைக்குள் தகவல் காவல் நிலையத்துக்குப் போய்விட வேண்டும். எழுதிக் கொடுத்ததன் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வீட்டுக்குப் போங்கள், அவன் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து.